அவர் சொன்னதை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி: ரிப்போர்ட்டட் ஸ்பீச்

ஆபீஸ் கூட்டங்களுக்கு மினிட்ஸ் எழுதுவது என் வேலையில் ஒரு பகுதி. யார் என்ன சொன்னார், யார் என்ன கேட்டார், யார் எதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதையெல்லாம் கூட்டம் முடிந்த கையோடு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதாவது பக்கம் பக்கமாக ரிப்போர்ட்டட் ஸ்பீச். பள்ளியில் இதையே இன்டைரக்ட் ஸ்பீச் என்று படித்திருப்பீர்கள். புதிதாகச் சேர்பவர்கள் எழுதுவதைத் திருத்துவதும் என் தலையில்தான் விழும் என்பதால், எங்கே சறுக்குகிறார்கள் என்று ஓரளவு தெரியும்.

அநேகமாக எல்லாச் சறுக்கலுக்கும் வேர் ஒன்றுதான். இதை நமக்கு மாற்றுக் கணக்கு போலச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். ‘இஸ்’ வந்தால் ‘வாஸ்’ போடு, ‘வில்’ வந்தால் ‘வுட்’ போடு, ‘டுடே’ வந்தால் ‘தட் டே’ போடு. தேர்வுக்கு அந்த அட்டவணை போதும். ஒருவர் சொன்னதை நிஜமாகவே இன்னொருவரிடம் சொல்லும்போது அது பாதி வழியில் கைவிட்டுவிடும். அப்போது கேட்டுக்கொள்ள வேண்டியது இதைத்தான்: அவர் சொன்னபோது யார், யாரிடம், எங்கே, எப்போது? நான் இப்போது சொல்லும்போது யார், யாரிடம், எங்கே, எப்போது? இந்த இரண்டுக்கும் நடுவே எது மாறியிருக்கிறதோ அதை மட்டும் வாக்கியத்தில் மாற்றுங்கள். மற்றதைத் தொடாதீர்கள்.

ப்ரோனவுனில் இது பளிச்சென்று தெரியும். ரவி, ‘ஐ வில் கால் யூ’ என்கிறான். என்னிடம் சொன்னான் என்றால் நான், ‘ரவி செட் ஹி வுட் கால் மீ’ என்பேன். மீனாவிடம் சொன்னதை நான் உங்களுக்குச் சொன்னால், ‘ரவி டோல்ட் மீனா ஹி வுட் கால் ஹெர்.’ உங்களிடமே சொன்னான், நீங்கள் மறந்துவிட்டீர்கள், நான் நினைவுபடுத்துகிறேன் என்றால், ‘ரவி டோல்ட் யூ ஹி வுட் கால் யூ.’ ரவியே பிறகு அதைச் சொன்னால், ‘ஐ டோல்ட் மீனா ஐ வுட் கால் ஹெர்.’ மூல வாக்கியம் ஒன்றுதான், விடை நான்கு. எந்த அட்டவணையிலும் இது இருக்காது.

நமக்கு இங்கே கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. ‘நான் வர்றேன்னு சொன்னான்’ என்று பேசிப் பழகியவர்கள் நாம். அவன் வாயில் வந்த ‘நான்’ அப்படியே நம் வாக்கியத்திலும் உட்கார்ந்துகொள்ளும், யாரும் குழம்புவதில்லை. அதே பழக்கத்தில் ஆங்கிலத்தில் ‘ரவி செட் தட் ஐ வில் கம்’ என்று எழுதினால், வரப்போவது ரவி இல்லை, எழுதியவர். மினிட்ஸில் ஒருவர் ‘த மேனேஜர் செட் தட் ஐ வில் பே த பில்’ என்று எழுதிக்கொண்டு வந்தார். பில்லைக் கட்டத் தயாரா என்று அவரைக் கேட்டேன். பிறகு அந்தத் தவறு அவரிடம் வரவில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது, எழுத்துத் தமிழின் ‘தான் வருவதாகச் சொன்னான்’ என்ற வடிவத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ‘தான்’ இருக்கும் இடத்தில் ‘ஹி’ அல்லது ‘ஷி’ வரும்.

ஆனால் தமிழில் ‘தான்’ என்றால் சொன்னவன், ‘அவன்’ என்றால் பெரும்பாலும் வேறொருவன் என்று பிரித்துவிடலாம். ஆங்கிலத்துக்கு அந்த வசதி கிடையாது. ‘ரவி டோல்ட் குமார் தட் ஹி ஹேட் லாஸ்ட் த கீ’ என்றால் சாவியைத் தொலைத்தது ரவியா, குமாரா? வாக்கியத்தை வைத்துச் சொல்ல முடியாது. இந்த மாதிரி இடத்தில் அழகு பார்க்காமல் பெயரையே திரும்ப எழுதிவிடுங்கள். அல்லது வேறு வினை போட்டு முடிச்சை அவிழ்க்கலாம்: ‘ரவி அட்மிட்டட் டு குமார் தட் ஹி ஹேட் லாஸ்ட் த கீ’ என்றால் தொலைத்தது ரவிதான் என்று விளங்கிவிடும்.

அடுத்து டென்ஸ். அடிப்படை எளிது. ‘செட்’, ‘டோல்ட்’ என்று சொன்ன வினை இறந்த காலத்தில் இருந்தால், உள்ளே இருக்கும் வினை ஒரு படி பின்னால் போகும். டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் இதை ‘பேக் ஷிஃப்டிங்’ என்றார். ‘ஐ ஆம் பிஸி’ என்பது ‘ஷி செட் ஷி வாஸ் பிஸி’ ஆகும். ‘ஐ ஆம் வெயிட்டிங்’ என்பது ‘ஷி வாஸ் வெயிட்டிங்’ ஆகும். ‘ஐ ஹேவ் ஃபினிஷ்ட்’ என்பது ‘ஷி ஹேட் ஃபினிஷ்ட்.’ ‘வில்’ போய் ‘வுட்’, ‘கேன்’ போய் ‘குட்’, ‘மே’ போய் ‘மைட்’. ஏற்கனவே பின்னால் இருக்கும் ‘வுட்’, ‘குட்’, ‘மைட்’, ‘ஷுட்’, ‘ஆட் டு’ எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். ‘ஹேட் ஃபினிஷ்ட்’ போன்றவற்றுக்கும் இன்னும் பின்னால் போக இடமில்லை.

‘மஸ்ட்’ மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். கட்டாயம் என்ற பொருளில் வந்தால் ‘ஹேட் டு’ ஆக்கலாம், ‘மஸ்ட்’ என்றே விட்டாலும் தவறில்லை. ‘ஹி மஸ்ட் பி டயர்ட்’ என்று ஊகமாக வந்தால் தொடக் கூடாது: ‘ஷி செட் ஹி மஸ்ட் பி டயர்ட்.’ அட்டவணையை நம்பி இதை ‘ஹேட் டு பி டயர்ட்’ என்று மாற்றினால், அவன் களைப்பாக இருந்தே ஆக வேண்டும் என்று யாரோ கட்டளை போட்டது போல ஆகிவிடும்.

சாதாரண இறந்த காலம் ஒரு படி பின்னால் போய் ‘ஹேட்’ சேருமா? பள்ளியில் கண்டிப்பாகச் சேர வேண்டும் என்பார்கள். நிஜத்தில் காலவரிசை தெளிவாக இருந்தால் சேர்க்காமலே விடலாம். ‘ஷி செட் ஷி ஜாய்ண்ட் இன் 2019’ என்பதில் ஒரு குழப்பமும் இல்லை, ஆண்டே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. அவசியமான இடம் வேறு. ‘ஹி செட் ஹி வாஸ் இல்’ என்றால், பேசிய அந்த நேரத்தில் உடம்பு சரியில்லை. ‘ஹி செட் ஹி ஹேட் பீன் இல்’ என்றால், அதற்கு முன்பு சரியில்லாமல் இருந்தது. முதல் ஆள் இன்று லீவு கேட்கிறார். இரண்டாம் ஆள் போன வாரம் வராததற்குக் காரணம் சொல்கிறார். இந்த வித்தியாசம் வேண்டும் என்றால் ‘ஹேட்’ போட்டே ஆக வேண்டும்.

இனி, பின்னால் போகத் தேவையில்லாத இடங்கள். சொன்ன வினை நிகழ்காலத்தில் இருந்தால் உள்ளே எதுவும் நகராது. வாசலில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்துச் சொல்கிறீர்கள்: ‘த நோட்டீஸ் செஸ் த லிஃப்ட் இஸ் நாட் வர்க்கிங்.’ மெயில், கடிதம், விதிமுறைப் புத்தகம் எல்லாவற்றுக்கும் இப்படித்தான். ‘இஃப் ஐ ஹேட் டைம், ஐ வுட் ஹெல்ப்’ போன்ற கற்பனை வாக்கியங்களிலும் டென்ஸ் நகராது, ப்ரோனவுன் மட்டும் மாறும்.

சொன்ன விஷயம் இன்னும் உண்மையாக இருந்தால்? இரண்டும் சரி. ‘ஷி டோல்ட் மீ ஷி லிவ்ஸ் அலோன்’ என்றும் சொல்லலாம், ‘ஷி டோல்ட் மீ ஷி லிவ்ட் அலோன்’ என்றும் சொல்லலாம். ஆனால் இரண்டும் ஒரே தொனி இல்லை. நிகழ்காலத்தில் விட்டால், அது இப்போதும் உண்மைதான் என்று நீங்களும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறீர்கள். இறந்த காலத்துக்கு நகர்த்தினால், ‘அவள் சொன்னாள், அவ்வளவுதான்’ என்று விலகி நிற்கிறீர்கள். இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் வானவியலில் இருக்கிறது. 1543-இல் வெளிவந்த தன் நூலில் கோப்பர்நிக்கஸ் சொன்னதை, ‘கோப்பர்நிக்கஸ் ஆர்க்யூட் தட் த எர்த் கோஸ் ரவுண்ட் த சன்’ என்று எழுதலாம். ‘கோஸ்’ பொருந்துகிறது, ஏனென்றால் அது உண்மை. அவருக்கு முன் பல நூற்றாண்டுகள் கோலோச்சிய பழங்கால வானவியலாளர் டாலமியின் கருத்தை எழுதும்போது, ‘டாலமி பிலீவ்ட் தட் த சன் வென்ட் ரவுண்ட் த எர்த்’ என்றுதான் எழுத வேண்டும். அங்கே ‘கோஸ்’ போட்டால், சூரியன் பூமியைச் சுற்றுகிறது என்று நீங்களும் நம்புவது போலத் தொனிக்கும். பிரபஞ்ச உண்மை என்றால் டென்ஸ் மாறாது என்று விதியாகப் படித்தோமே, அதற்குப் பின்னால் இருக்கும் காரணம் இதுதான்.

மினிட்ஸில் நான் எப்போதும் பின்னால் நகர்த்தியே எழுதுவேன். அவர் சொன்னது உண்மையா என்று சான்று கொடுப்பது என் வேலை இல்லை.

நேரத்தையும் இடத்தையும் குறிக்கும் சொற்களுக்கும் நிற்கும் இடம்தான் கணக்கு. ‘ஐ வில் கம் டுமாரோ’ என்று காலையில் ஒருவர் சொன்னார், அன்று மதியமே நீங்கள் இன்னொருவரிடம் சொல்கிறீர்கள். நாளை இன்னும் நாளைதான். ‘ஷி செட் ஷி வுட் கம் டுமாரோ’ என்றே சொல்லுங்கள், ‘வில்’ போட்டாலும் பிழையில்லை. ஒரு வாரம் கழித்துச் சொன்னால்தான் ‘த நெக்ஸ்ட் டே’ அல்லது ‘த ஃபாலோயிங் டே’. ‘யெஸ்டர்டே’ அப்படித்தான் ‘த டே பிஃபோர்’ ஆகிறது, ‘டூ டேஸ் அகோ’ என்பது ‘டூ டேஸ் பிஃபோர்’ ஆகிறது, ‘நவ்’ பெரும்பாலும் ‘தென்’ ஆகிறது. ‘ஹியர்’ என்ற சொல்லை, அதே அறையில் நின்றுகொண்டு சொல்லும்போது ‘தேர்’ ஆக்கினால் கேட்பவர் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். எழுத்தில் என்றால் என் ஆலோசனை இன்னும் எளிது: ‘டுமாரோ’, ‘த நெக்ஸ்ட் டே’ இரண்டையும் விட்டுவிட்டுத் தேதியைப் போடுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது அந்தக் கோப்பை எடுத்துப் பார்க்கும்போது உங்களை வாழ்த்துவார்கள்.

‘சே’, ‘டெல்’ விவகாரத்துக்கு வருகிறேன். ‘டெல்’ வந்தால் யாரிடம் என்று உடனே சொல்ல வேண்டும்: ‘ஹி டோல்ட் மீ.’ ‘சே’ வந்தால் ஆளைச் சொல்லத் தேவையில்லை: ‘ஹி செட்.’ நான் அடிக்கடி சிவப்பு மை போடும் மூன்று பிழைகள் ‘ஹி செட் மீ’, ‘ஹி டோல்ட் தட்’, ‘ஹி டோல்ட் டு மீ’. ‘ஹி செட் டு மீ’ இலக்கணப்படி தவறில்லை, ஆனால் சொன்னதை அப்படியே மேற்கோளில் கொடுக்கும்போதுதான் அது அதிகம் வரும். ஆளைச் சொல்லாமலே ‘டெல்’ வரும் சில வழக்குகள் உண்டு: ‘டெல் த ட்ரூத்’, ‘டெல் எ லை’, ‘டெல் எ ஸ்டோரி’, ‘டெல் த டைம்’. ‘எக்ஸ்ப்ளெய்ன்’ இதற்கு நேர் எதிர், ஆளைச் சொன்னால் ‘டு’ வேண்டும். ‘ஹி எக்ஸ்ப்ளெய்ண்ட் மீ’ என்று ஒரு வடிவமே கிடையாது, ‘ஹி எக்ஸ்ப்ளெய்ண்ட் டு மீ’தான்.

‘செட்’, ‘டோல்ட் மீ’ இவற்றுக்குப் பின் வரும் ‘தட்’டை விட்டுவிடலாம். பேச்சில் விடுவதுதான் இயல்பு. நீளமான எழுத்து வாக்கியத்தில் வைத்துக்கொண்டால் படிப்பவருக்கு வழி தெரியும்.

இனி கேள்விகள். என் அனுபவத்தில் அதிகப் பிழை விழுவது இங்கேதான். ‘வேர் டு யூ லிவ்?’ என்று ஒருவர் கேட்டார். அதைத் திருப்பிச் சொல்லும்போது நீங்கள் கேள்வி கேட்கவில்லை, கேள்வி ஒன்று கேட்கப்பட்டது என்ற செய்தியைத்தான் சொல்கிறீர்கள். ஆகவே வாக்கியம் சாதாரணச் செய்தி வாக்கியத்தின் வரிசைக்குத் திரும்பிவிடும்: முதலில் எழுவாய், பிறகு வினை. ‘ஹி ஆஸ்க்ட் மீ வேர் ஐ லிவ்ட்.’ கேள்விக்காக வந்த ‘டு’, ‘டஸ்’, ‘டிட்’ தன் வேலை முடிந்து கிளம்பிவிடும். கேள்விக்குறியும் கிளம்பிவிடும். ‘ஹி ஆஸ்க்ட் மீ வேர் டிட் ஐ லிவ்’ என்று எழுதுவது ஒரு பிழை. ‘ஹி ஆஸ்க்ட் மீ தட் வேர் ஐ லிவ்ட்’ என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது பிழை ஏன் வருகிறது என்று எனக்குத் தெரியும். நமக்கு எல்லாவற்றுக்கும் ‘என்று’ வேண்டும். ‘எங்கே இருக்கிறாய் என்று கேட்டான்.’ அந்த ‘என்று’க்கு ஈடாகக் கை தானாகவே ‘தட்’ போட்டுவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘வேர்’, ‘வென்’, ‘வை’, ‘ஹவ்’ போன்ற சொற்களே பாலமாக நிற்கும், இன்னொரு பாலம் தேவையில்லை.

‘ஆம்’, ‘இல்லை’ என்று பதில் வரும் கேள்வியில் அந்தப் பாலம் இருக்காது. அதனால் ‘இஃப்’ அல்லது ‘வெதர்’ போட வேண்டும். ‘ஆர் யூ ஃப்ரீ?’ என்பது ‘ஷி ஆஸ்க்ட் மீ இஃப் ஐ வாஸ் ஃப்ரீ.’ பெரும்பாலான இடத்தில் இரண்டில் எதுவும் சரி. உடனே பின்னால் ‘ஆர் நாட்’ வந்தால், ‘டு’ வந்தால், அல்லது முன்னால் ‘அபௌட்’ மாதிரி ஒரு சொல் இருந்தால் ‘வெதர்’ மட்டும்தான். ‘வீ டாக்ட் அபௌட் வெதர் டு வெயிட்’ என்பதில் ‘இஃப்’ பொருந்தாது.

‘ஹூ ப்ரோக் இட்?’ மாதிரி, கேள்விச் சொல்லே எழுவாயாக இருக்கும் கேள்வியில் வரிசை மாற்ற ஒன்றுமில்லை: ‘ஷி ஆஸ்க்ட் ஹூ ஹேட் ப்ரோக்கன் இட்.’

இந்த வரிசை விதி கைவந்தால் இன்னொரு லாபமும் உண்டு. ‘குட் யூ டெல் மீ வேர் த ஸ்டேஷன் இஸ்?’ என்று பணிவாகக் கேட்கும் வாக்கியமும் இதே வார்ப்புதான். ‘வேர் இஸ் த ஸ்டேஷன்’ என்று உள்ளே கேள்வி வரிசையை வைத்தால் தப்பு.

கட்டளையும் வேண்டுகோளும் சுலபம். ‘டோல்ட்’ அல்லது ‘ஆஸ்க்ட்’, பிறகு ஆள், பிறகு ‘டு’. ‘சிட் டவுன்’ என்பது ‘ஹி டோல்ட் மீ டு சிட் டவுன்.’ ‘டோன்ட் வெயிட்’ என்பது ‘ஹி டோல்ட் மீ நாட் டு வெயிட்.’ ‘ப்ளீஸ்’ காணாமல் போகும், அதன் பணிவு ‘ஆஸ்க்ட்’ என்ற சொல்லில் வந்துவிடும். கேள்வி உருவத்தில் வந்தாலும் அது வேண்டுகோள் என்றால் வேண்டுகோளாகவே சொல்லுங்கள். ‘குட் யூ ஓபன் த விண்டோ?’ என்று கேட்டவர் உங்கள் திறமையைச் சோதிக்கவில்லை. ‘ஷி ஆஸ்க்ட் மீ டு ஓபன் த விண்டோ’ என்றால் போதும்.

‘லெட்ஸ் கோ’ மாதிரி யோசனைக்கு ‘சஜஸ்ட்’. இங்கே ஒரு குழி இருக்கிறது. ‘ஹி சஜஸ்டட் மீ டு கோ’ என்பது எவ்வளவு சகஜமாகக் காதில் விழுந்தாலும் பிழைதான். ‘ஹி சஜஸ்டட் கோயிங்’ அல்லது ‘ஹி சஜஸ்டட் தட் வீ கோ’ என்று சொல்லுங்கள். ஆளைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் ‘அட்வைஸ்’ இருக்கிறது: ‘ஹி அட்வைஸ்ட் மீ டு கோ.’

எல்லாவற்றுக்கும் ‘செட்’ போட்டால் இலக்கணம் தப்பாது, ஆனால் பக்கம் செத்துக் கிடக்கும். ‘ப்ராமிஸ்’, ‘ரெஃப்யூஸ்’, ‘அக்ரீ’, ‘ஆஃபர்’ நான்கும் பின்னால் ‘டு’ கேட்கும். ‘வார்ன்’, ‘ரிமைண்ட்’ இரண்டும் ஆளையும் கேட்டு ‘டு’வையும் கேட்கும். ‘டினை’ வந்தால் ‘ஹி டினைட் டேக்கிங் த மணி’ என்று ‘இங்’ வடிவம். ‘அப்பாலஜைஸ்’ வந்தால் ‘ஃபார்’, ‘இன்சிஸ்ட்’ வந்தால் ‘ஆன்’, ‘அக்யூஸ்’ வந்தால் ஆளும் ‘ஆஃப்’பும். இவற்றை வினையோடு சேர்த்தே பழகுங்கள், தனித்தனியாக மனப்பாடம் செய்தால் ஒட்டாது.

ஒரு எச்சரிக்கை. இந்த வினைகள் வெறும் அலங்காரம் இல்லை, தீர்ப்பும் சொல்லிவிடும். ‘கிளெய்ம்’ என்றால் நீங்கள் சந்தேகப்படுகிறீர்கள். ‘பாயிண்ட் அவுட்’ என்றால் அவர் சொன்னது உண்மை என்று ஒப்புக்கொள்கிறீர்கள். ‘அட்மிட்’ என்றால் அவர் மேல் ஏதோ குற்றம் இருந்தது. பையன் ஒருவன், ‘செட்’ அலுத்துப்போய், ‘த மேனேஜர் அட்மிட்டட் தட் த ரிப்போர்ட் வாஸ் ரெடி’ என்று எழுதிவிட்டான். ரிப்போர்ட் தயாராக இருப்பதில் என்ன குற்றம் என்று மேனேஜர் கொதித்துவிட்டார். பொருத்தமான வினை கிடைக்காவிட்டால் ‘செட்’டுக்கே திரும்புங்கள்.

வியப்பு வாக்கியங்களுக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். ‘எக்ஸ்கிளெய்ம்ட் வித் ஜாய்’, ‘ரிப்ளைட் இன் தி அஃபர்மேட்டிவ்’ எல்லாம் தேர்வுத்தாளில் வாழ்பவை. என் அக்கா மகளுக்குத் தேர்வு என்பதால் அவளை எழுதச் சொன்னேன், மதிப்பெண் முக்கியம். பேச்சில் ‘ஷி செட் இட் வாஸ் வொண்டர்ஃபுல்’, ‘ஹி செட் எஸ்’ என்றால் போதும்.

கடைசியாக ஒரு சின்ன உரையாடலை முழுதாக மாற்றிப் பார்க்கலாம். மேனேஜர்: ‘த ப்ரின்டர் இஸ் ப்ரோக்கன் அகெய்ன். ஹூ யூஸ்ட் இட் யெஸ்டர்டே?’ மீனா: ‘ஐ டிட், பட் இட் வாஸ் வர்க்கிங் வென் ஐ லெஃப்ட்.’ மேனேஜர்: ‘கால் த மெக்கானிக் டுடே. டோன்ட் வெயிட்.’ மீனா: ‘ஐ வில் கால் ஹிம் நவ்.’

நான் இப்படி எழுதுவேன்: ‘த மேனேஜர் செட் தட் த ப்ரின்டர் வாஸ் ப்ரோக்கன் அகெய்ன் அன்ட் ஆஸ்க்ட் ஹூ ஹேட் யூஸ்ட் இட் த டே பிஃபோர். மீனா ரிப்ளைட் தட் ஷி ஹேட், பட் தட் இட் ஹேட் பீன் வர்க்கிங் வென் ஷி லெஃப்ட். ஹி டோல்ட் ஹெர் டு கால் த மெக்கானிக் தட் டே அன்ட் நாட் டு வெயிட். ஷி ப்ராமிஸ்ட் டு கால் ஹிம் அட் ஒன்ஸ்.’

மேனேஜரின் செய்தியையும் கேள்வியையும் ‘அன்ட்’ போட்டு ஒரே வாக்கியமாக்கியிருக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் ‘ஹி செட்’, ‘ஷி செட்’ என்று எழுதிக்கொண்டிருந்தால் படிப்பவர் தூங்கிவிடுவார். ‘வென் ஷி லெஃப்ட்’ என்பதை ‘ஹேட் லெஃப்ட்’ ஆக்கவில்லை. நேரத்தைக் காட்டும் ‘வென்’ பகுதியில் எளிய இறந்த காலம் அப்படியே நிற்கலாம், முன்னால் இருக்கும் ‘ஹேட் பீன்’ வரிசையைக் காட்டிவிடுகிறது. மீனாவின் ‘நவ்’ அட்டவணைப்படி ‘தென்’ ஆக வேண்டும். ஆனால் அவள் சொல்ல வந்தது ‘உடனே’ என்பதால் ‘அட் ஒன்ஸ்’ போட்டேன். அவள் ‘ப்ராமிஸ்’ என்ற சொல்லைப் பயன்படுத்தவே இல்லையே என்று யாராவது கேட்டால், ‘ஷி செட் ஷி வுட் கால் ஹிம் அட் ஒன்ஸ்’ என்று மாற்றிக்கொடுப்பேன். மெக்கானிக் வராமல் போனால் மீனா என்னிடம் சண்டைக்கு வருவாள் என்ற பயம் இருந்தாலும் முதலில் ‘ப்ராமிஸ்ட்’ என்றுதான் எழுதுவேன்.